நூற்றுப்பன்னிரண்டு லிட்டர்

"இரண்டும் பெண்தான்" என்று
கடைக்கார ஹோலுப் அடித்துச் சொன்னார்.
வீட்டுக்கு வந்த பத்தாம் நாள்
ஒன்று வயிற்றில் செர்ரிச் சிவப்பேற்றி
உடைந்த பூந்தொட்டிக்குள் புகுந்துகொண்டது.
மற்றது வாசலில் காவல்.

ஓஸ்ட்ராவா, எட்டாவது மாடி.
வெளியே கரித்தூள் படிந்த பனி.
உள்ளே பதினான்கு டெட்ரா, ஐந்து கோரிடோராஸ்.
ஒண்டுக்குடித்தனம்தான்,
ஆனாலும் உரசாமல் ஓடிக்கொண்டிருந்தது,
அந்த ஆண் சிக்லிட் இடப்பாதி முழுவதற்கும்
பட்டா போட்டுக்கொள்ளும் வரை.

முதலில் ஒரு கோரிடோராஸுக்குக் கண் போயிற்று.
டெட்ராக்கள் மேல்மூலையில்
நெரிசல் நேர டிராம்போல் நெருங்கி நின்றன.
எனக்குத் தெரிந்த வைத்தியம் செய்தேன்:
கற்களையெல்லாம் இடம்மாற்றி வைத்தால்
ரவுடிக்கும் ஊர் புதிதாகும்.
மூன்று நாள் திருதிருவென்று விழித்தான்.
நான்காம் நாள் புது ஊரும் அவனுடையது.

அந்தத் தொட்டிக்கு எதிரே சோபாவில்
அக்டோபரிலிருந்து படுத்திருந்தான்
ஸோராவின் தம்பி ராதிம்,
விவாகரத்துக் காகிதமும் ஒரு பெட்டியுமாக.
ஹீட்டர் குமிழை நான் இடப்பக்கம் திருப்புவேன்,
அவன் வலப்பக்கம் திருப்புவான்.
எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

டிசம்பர் பதின்மூன்று.
இரவு டிராமை விட்டுவிட்டு
விடியற்காலை நான்குக்கு வந்தேன்.
இருட்டில் ராதிம் தரையில் மண்டியிட்டிருந்தான்.
கையில் டார்ச், உதட்டில் விரல்.

மணலுக்கு மேல்
கண்ணும் வாலும் மட்டுமான காற்புள்ளிகள்.
நூறு இருக்கலாம்.
தாய் ஒரு முறை உடம்பை உதறினாள்,
எல்லாம் மணலோடு மணலாயின.
மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டாம், சரி.
ஒளியக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

அவன் முட்டை மஞ்சளைத் துணியில் பிழிந்தான்.
நான் பம்பின் வாயில் ஸ்பாஞ்சு சொருகினேன்.
பச்சை பிளாஸ்டிக் வலையை அளந்து வெட்டி
தொட்டிக்குக் குறுக்கே நிறுத்தினோம்;
குடும்பம் இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம்.
முதன்முறையாக இருவரும்
ஒரே பாட்டிலில் பீர் குடித்தோம்.

மறுநாள்
விரட்ட ஆளில்லாமல் போன அந்த ஆண்
பெண்டாட்டி மேல் பாய்ந்தான்.
அவள் துடுப்பு கிழிந்து தொங்கிற்று.
ராதிம் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்,
ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு வாளியை எடுத்து வந்தான்.

குளியல் தொட்டியில் விடலாமென்றால்
அங்கே பண்டிகைக்கு வாங்கிய கெண்டை
மூன்று கிலோ, வட்டமடித்துக்கொண்டிருந்தது.
நாங்களோ ஒரு வாரமாகக் குளிக்கவில்லை.
ஒருத்தரைக் காப்பாற்ற வாளி தூக்கிக்கொண்டு
இன்னொருத்தரை வறுக்கக் காத்திருக்கிறீர்கள்
என்றாள் ஸோரா, எலுமிச்சை நறுக்கியபடி.
இருவரிடமும் பதில் இல்லை.

வாளியில் இரண்டு நாள்.
அதற்குள் வலையோரத்துப் பாசியை வெட்டினோம்,
அப்பால் டெட்ராக்கள் தெரியும்படி.
திரும்ப விட்டதும் வலையை முட்டினான், சீறினான்,
களைத்துப்போய் குஞ்சுகளிடம் வந்து
வழிதவறிய ஒன்றை வாயில் கவ்வி
கூட்டத்தில் துப்பினான்.
எதிரி கண்ணுக்குத் தெரிந்து
வாய்க்கு எட்டாமல் இருக்கும்வரை
அவன் நல்ல தகப்பன்.

இருபத்துநான்காம் தேதி கெண்டையை
ராதிம்தான் கொன்றான், கதவைச் சாத்திக்கொண்டு.
தட்டுகளின் அடியில் ஸோரா
ஆளுக்கொரு செதில் வைத்தாள், காசு சேருமென்று.
தன் செதிலை அவன் பர்ஸில் போடவில்லை.
காகிதத்தில் மடித்து, யித்கா என்று எழுதினான்.
அனுப்பினானா, தெரியாது.

சாப்பிட்டபின் விளக்கை அணைத்து எண்ணினோம்.
முப்பத்தொன்று என்றேன்.
இருபத்தொன்பது,
நீ இரண்டை இருமுறை எண்ணினாய் என்றான்.
இல்லை என்றேன்.
ஹோலுப் பிப்ரவரியில் எடுத்துக்கொள்வார்,
குஞ்சுக்கு ஒரு பாக்கெட் தீனி.
அதுவரை
இன்னொரு தரம் எண்ணு என்றாள் ஸோரா,
இருட்டில், எங்கள் இருவரில் யாரிடமோ.