சாம்பல் முப்பத்தெட்டு

மணுகூர் கரி, தடா தாண்டி வந்த லாரி,
கும்மிடிப்பூண்டி பாய்லருக்கு.
மாதிரி எடுக்கும் பெஞ்சலய்யா
சுத்தியலால் ஒரு தட்டு தட்டினான்.
கரியில்லை, கல்.
பிளந்த பக்கத்தில் ஓர் இலை,
நடுநரம்பு, கிளைநரம்பு,
ஏதோ பூச்சி கடித்த ஓரம்கூட.

அதோடு உதிர்ந்ததெல்லாம்
சதுப்பில் மூச்சடைத்து
மக்கவும் முடியாமல் கிடக்க,
மேலே மேலே மண் ஏற ஏற
நீரை விட்டது, காற்றை விட்டது,
தான் இலை என்பதையும் விட்டது.
எரிவது அதுதான்.

இது மட்டும் களிமண்ணில் விழுந்து
முகத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

"ராயி" என்று ஒதுக்கி வைத்தான்.
எரியாததையும் கணக்கில் சேர்க்கணும்.
எழுதினேன்:
சாம்பல், முப்பத்தெட்டு சதம்.

எடைமேடை ஓரத்து வேம்பு
சிமென்ட் தரைமேல்
உதிர்த்துக்கொண்டே இருந்தது,
புதைய இடமில்லாமல்.