முள் நிற்கும் நேரம்

பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவுக்குத்
தரையே நடுங்கும்.
வலப்பக்கம் எட்டுத் தறி, இடப்பக்கம் பன்னிரண்டு,
எதிரே ஜெயபால் வீட்டில் எத்தனை என்று
அவருக்கே சந்தேகம்.
குடத்துத் தண்ணீரில் எந்நேரமும் வளையம்.
பழகிவிட்டது. என் பையன் அதில்தான் தூங்குகிறான்.

மில்லிங் மிஷினுக்குப் பழகவில்லை.

வந்த அன்றே வாசக்காலோடு தகராறு.
மூன்று விரல் அகலம் கூடுதல்.
நகரியிலிருந்து வந்த கிரேன்காரர்
"மெல்லகா, மெல்லகா" என்று சங்கிலியிடம் கெஞ்சினார்.
சங்கிலிக்குத் தெலுங்கு புரிந்தது.
தலை தனி, டேபிள் தனி,
கைப்பிடிகள் எல்லாம் ஒரு கோணியில்.
ராஜ்கோட்டிலிருந்து நாலு மாநிலம் தாண்டி வந்தது
கடைசி நாலடிக்கு நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டது.
"ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம்" என்றார் முனிரத்தினம்,
ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே.

கும்மிடிப்பூண்டியில் ஒன்பது வருஷம்
யாரோ செட் செய்த மிஷினில்
பச்சைப் பொத்தான் மட்டும் அழுத்திய
பி.எஃப். பணம் இது.

ரசமட்டம் வைத்தேன்.
குமிழி புழக்கடைப் பக்கமே ஓடியது.
கழுவிவிட்ட தண்ணீர் வாசலுக்குப் போக
மேஸ்திரி வைத்த வாட்டம்.
எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்
எங்கள் வீட்டு வாட்டத்தை!
காலுக்கடியில் பித்தளைத் தகடு கொடுத்தேன்,
அப்புறம் அதைவிட மெல்லியது,
அப்புறம் கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டிக் கொடுத்தேன்.
குமிழி கோடுகளுக்கு நடுவில் வந்து
உட்காராமல் நின்றது.

வீட்டுக்கு வருவது ஒரு ஃபேஸ்,
மோட்டார் கேட்பது மூன்று.
சுவரில் ஒரு டிரைவ் பெட்டி மாட்டி
சீன மொழிப் புத்தகத்தில் எண்களை மட்டும் படித்து
சமாதானம் செய்து வைத்தேன்.
புத்தூர் பழைய இரும்புக் கடையில் கிடைத்த
லாரி வைப்பர் மோட்டார்
இப்போது டேபிளை நகர்த்துகிறது,
மழையே இல்லாமல்.
சில் தெறிக்காமலிருக்க ஆட்டோவின் பின்சக்கர ரப்பர்
(இதை அவரிடம் கேட்கவில்லை).
என் உயரத்துக்கு இதைச் செய்யவில்லை,
அதனால் நிற்க ஒரு பலகை.

மிச்சமிருந்தது தலையை நேராக்குவது.

ஸ்பிண்டிலில் டயல் கேஜ் பிடித்து
டேபிள் மேல் ஒரு வட்டம் சுற்ற வேண்டும்.
இடம், வலம், முன், பின்,
எங்கும் முள் ஒரே எண் காட்ட வேண்டும்.
முள்ளோ தறிக்குத் தாளம் போட்டது.
பூஜ்ஜியமா, இரண்டா, மறுபடி பூஜ்ஜியமா?
மூன்று ராத்திரி.
இருபது தறியும் எனக்கு எதிராக
வேட்டி நெய்தன.

வியாழக்கிழமை பத்தே காலுக்குக் கரண்ட் போனது.

தெரு முழுக்க ஈ.பி.யைத் திட்டியது.
கடைசித் தறி இரண்டு அடி அடித்து ஓய்ந்தது.
எங்கோ ஒரு குழந்தை சத்தம் நின்றதற்கு அழுதது.
நான் செல்போன் விளக்கை அவர் கையில் திணித்து
முள்ளைப் பார்த்தேன்.
நின்றிருந்தது.
இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில்
இங்கே ஒரு பொருள் அசையாமல் நின்று
முதல்முறை பார்க்கிறேன்.

வலப்பக்கம் இரண்டு கோடு கூடுதல்.
ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. அதிகம்.
திருப்பி ஒரு தட்டு.
போல்ட்டை இறுக்கினால் அரைக் கோடு நழுவுகிறது,
அந்த அரைக் கோட்டை முன்கூட்டியே விட்டுவைத்து
இறுக்கினேன்.
"வந்துடப் போகுது" என்றார் அவர், கை வலித்து.
"வராது, வரக்கூடாது" என்றேன்.
கரண்ட் வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள்
அன்று அந்தத் தெருவில் நான்தான்.

இடம் பூஜ்ஜியம். வலம் பூஜ்ஜியம்.
முன். பின்.

"ஹோ" என்று தெரு கத்த, விளக்கு வந்தது.
தறிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.
முள் மறுபடி நடுங்கியது,
ஆனால் இப்போது பூஜ்ஜியத்தின் இரண்டு பக்கமும்
சமமாக.

காலையில் ஒரு அலுமினியத் துண்டைச் சீவினேன்.
முழங்கையில் சூடாக ஒரு சில் ஒட்டியது,
உதறவில்லை.
கட்டர் போன தடமும் அதன் பின்பக்கம் திரும்பிய தடமும்
ஒன்றையொன்று வெட்டிக் கிடந்தன.
ஜெயபால் வந்து நகத்தால் கீறிப் பார்த்தார்.
"பாவும் ஊடும் சரியா விழுந்திருக்கே கோமளா"
என்றவர், உடைந்த தறி பிராக்கெட் ஒன்றை
லுங்கி மடிப்பிலிருந்து எடுத்தார்.
"இது மாதிரி ஆறு. என்ன ரேட்?"

எல்லாவற்றையும் செட் செய்தவள்
அதை மட்டும்
இன்னும் செய்திருக்கவில்லை.