நாலு மணிக்கு மேல்

வாரம் ஆறு நாள்
செம்பனை ஆலையில் எடைமேடை எனக்கு.
லோரி ஏறும், எண் குதிக்கும், நிற்கும்.
வெறும் லோரி திரும்பும்போது இன்னோர் எண்.
இரண்டுக்கும் இடையில் உள்ளதுதான் பழம்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிராமில் யோசிப்பேன்.

பத்தாங் பெர்ஜுந்தையில் தூண்டில் என்றால்
குழம்புக்கு வழி, இல்லையென்றால்
வேலைக்குப் போகாதவன் சாக்கு.
விளையாட்டு என்று வாய்விட்டுச் சொல்ல
எனக்கே மூன்று வருடம் ஆயிற்று.
நோட்டீஸ் ஒட்டினேன்:
ஆ லெக் டயர் கடைத் தூணில்,
நாசி லெமாக் வண்டியின் பக்கவாட்டில்,
கிளினிக் கதவில்.
கோயில் பலகையில் ஒட்டியதைத்
தலைவர் தானே உரித்துக் கொண்டுவந்து தந்தார்,
ஒரு மூலைகூடக் கிழியாமல்.
"உயிரைக் கொல்ற காரியம் இங்க வேணாம்ப்பா."
கொல்வதில்லை ஐயா, எடை பார்த்து விட்டுவிடுவோம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"விடறதுக்கா பிடிக்கிறீங்க?"

நுழைவு இருபது வெள்ளி.
முதல் பரிசு, ஆள் உயர மின்விசிறி.
ஏழு முதல் நாலு வரை.
பிடித்தது எதுவும் தண்ணீருக்கே திரும்பும்.
இந்த வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

அறுபது பேருக்கு ரொட்டி சானாய் சொல்லிவைத்தேன்.
வந்தது பத்தொன்பது.
பழைய ஈயக்குட்டை. மழைக்கு முந்தின வெயில்.
கார்பன் தூண்டில்கள் கரையெங்கும் சாய்ந்திருக்க
இருபதாவதாய் வந்தான் ரஃபிகுல்,
இரண்டாம் டிவிஷனில் குலை வெட்டுகிறவன்,
டாக்காவுக்கும் அப்பால் ஏதோ ஆற்றங்கரைக்காரன்.
காலி சோடா டின்னில் சுற்றிய நரம்பு,
ஒரு முள்,
சட்டைப்பையில் இரண்டு தவளை.
நுழைவுக் காசை
ஒற்றை வெள்ளி நோட்டாகவே எண்ணி வைத்தான்.
"கம்பு இல்லாதவன எப்படிண்ணே சேர்த்துக்கறது?"
என்றான் பொருளாளர் சர்குணன்.
விதியில் கம்பு என்ற சொல் இல்லை.
எழுதியவன் நான், எனக்குத் தெரியும்.

பதினொன்றே கால்.
தாமரை இலைகள் ஒருபக்கமாய் மடங்கின.
டின் அவன் கையில் கிர்ரென்று சுழன்று
தோலை உரித்தது.
அவன் நிற்கவில்லை, இழுக்கவில்லை,
அது போன பக்கமெல்லாம் கரையோரம் நடந்தான்,
ஏதோ பேசிக்கொண்டே, வங்காளத்தில், மீனிடம்.

தோமான்.
ஈரச் சாக்கில் சுற்றித் தொங்கவிட்டேன்.
நாலு கிலோ முந்நூற்று எண்பது.
இத்தனை வருடத்து டன்களுக்கு வராத சிலிர்ப்பு
இந்த எண்பது கிராமுக்கு வந்தது.
கருப்பில் நீலம் ஓடும் விலாவைப் பார்த்துச்
சர்குணன்கூட "அடடா" என்றான்.

ரஃபிகுல் மலாயில் கேட்டான்:
விசிறி உங்களுக்கு, மீன் எனக்கு, சரியா?
எல்லாரும் சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை.
கோங்சியில் ஒன்பது பேர். இன்று சமையல் முறை அவனுடையது.
இரண்டு கோடு போட்ட வரியைக் காட்டினேன்.
தமிழ் படிக்கத் தெரியாதவன்
என் விரலைப் படித்தான்.

முட்டி ஆழம் இறங்கினான்.
வாலடியைப் பிடித்து, வயிற்றைத் தாங்கி,
முன்னும் பின்னும் மெல்ல அசைத்து,
செவுள் தானாய்த் திறக்கும்வரை காத்திருந்தான்.
நான் வீடியோ பார்த்துக் கற்றது அது.
அவன் எங்கே கற்றான் என்று கேட்கவில்லை.
விட்ட பிறகு உள்ளங்கையை முகர்ந்துகொண்டான்.

"போட்டி எத்தனை மணிக்கு முடியும், பாஸ்?"
நாலு.
"நாலுக்கு மேல் குளம் யாருக்கு?"

மழை வந்தது, போனது.
பேனரைச் சுருட்டினோம்.
மீந்த ரொட்டியைப் பொட்டலம் கட்டினோம்.
விசிறியை அவன் மோட்டார் சைக்கிளில்
குறுக்காக வைத்துக் கட்டிக் கொடுத்தோம்.
அவன் வண்டியை எடுக்கவில்லை.

காருக்கு நடக்கிறேன். பின்னால் தண்ணீரில் 'தொபுக்'.
தோமான் மூச்சுக்கு மேலே வரும் சத்தமும் அதுதான்.
தவளை போய் விழும் சத்தமும் அதுதான்.
இருபது வருடம் எடை பார்த்தவனானாலும்
திரும்பிப் பார்க்காமல் எதுவென்று சொல்ல முடியாது.

தராசை உறையிலிட்டு
ஜிப்பை இழுத்தேன்.