ஐந்துக்கு ஐந்து

வண்ணாரப்பேட்டை ஓட்டலில் ஒருநாள் பயிற்சி.
குளிரூட்டிய அறை, ஆளுக்கொரு பேனா,
நாற்பது கேள்விகள்.
என்னை நான் மதிக்கிறேன்.
கோபம் வருமுன் அதை அறிந்துகொள்கிறேன்.
ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்கு ஐந்து என்று
வட்டமிட்டுக்கொண்டே போனேன்.
மதியம் பிரியாணி நன்றாக இருந்தது.

அது வைகாசி.
ஆனி பிறந்ததும் கணவாய் திறந்துகொண்டது.
பழவூர் ரோட்டில் சைக்கிள்காரர்கள்
இறங்கி உருட்டிப் போனார்கள்.
நாற்பத்தேழாம் காற்றாலை படுத்து இரண்டு நாள்.
மணிக்கொரு தரம் சென்னையிலிருந்து போன்:
"சீசன்ல இப்படியா மேடம்?"

அருமைநாயகம் மீட்டரைப் பார்த்தார்.
"பதினஞ்சு காட்டுது. காத்து கூடிட்டு மேடம்,
இப்பம் ஏற வேண்டாம்."
அவ்வளவுதான் சொன்னார்.
எனக்குக் கேட்டது வேறு:
நேத்து வந்த பொட்டப்புள்ளைக்கு என்ன தெரியும்.
அவர் சொல்லாததை
அவர் குரலிலேயே கேட்கிற காது எனக்கு.
கேள்வித்தாளில் அதற்கு வட்டம் இல்லை.

"பயமா இருந்தா எழுதிக் குடுத்துட்டுப் போங்க."
ஐந்து பேர் முன்னால் சொன்னேன்.
அவர் பெல்ட்டை மாட்டினார்.
செல்வினும் மாட்டினான், என் முகம் பாராமல்.
இரண்டு கொக்கிச் சத்தம்.

கோபுரக் கதவு சாத்தியதும்
ஜீப்புக்குள் போய் உட்கார்ந்தேன்.
உடைமரத்தில் சிக்கிய பாலித்தீன் பை
படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.
கையும்தான்.
கோபம் என்று நினைத்திருந்தேன்;
கோபத்துக்கு இப்படி வியர்க்காது.

வேலைக்குச் சேர்ந்த அன்று
வாட்ச்மேன் என்னிடமே கேட்டார்:
"புது சார் எப்பம் வாராரு?"
நாலு மாதமாக அந்த சாரோடு
போட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன்.
அவர் பயப்படமாட்டார்.
அவருக்கு வாயும் பெரிது.
அவர் வரவே போவதில்லை.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"
"ரெண்டாவது தட்டு."
"இறங்கிருங்க. நான் சொன்னது தப்பு."

வாக்கிடாக்கியில் சொன்னால் எல்லோருக்கும் கேட்கும்.
தெரிந்தேதான் சொன்னேன் என்று
இப்போது சொல்லிக்கொள்ளலாம்.
அப்போது வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.
வெறும் இரைச்சல் கொஞ்ச நேரம்.
பிறகு, "சரி மேடம்."

அவர்கள் தரைக்கு வருமுன்
பக்கத்து நாற்பத்தாறு
இறக்கையைத் தானே திருப்பி நின்றுவிட்டது,
காற்று மிஞ்சிவிட்டதாம்.
நல்ல உவமை.
ராத்திரி பரோட்டா பிய்க்கும்போதுதான் தோன்றியது.

சென்னை கேட்டது, ஏன் ஏறவில்லை.
"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."
என் குரல் நினைத்ததைவிட மெலிந்திருந்தது.
ஆனாலும் என் குரல்.

அருமைநாயகம் தண்ணீர் குடித்தார்,
என் பக்கம் திரும்பவில்லை.
மறுநாள் காலை மீட்டரைப் பார்த்து
"ஒம்பது" என்றார்.
எண் மட்டும்.
ஏறலாமா என்று
நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

கேட்டேன்.
அவர் மேற்கே பார்த்துக்கொண்டு
கொஞ்சம் யோசித்தார்.