உறுதி

இல்லை என்று தட்டினேன்.
திரையில் இலை என்று விழுந்தது.

நீதிமன்றத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே,
பத்மலோஜினி நொத்தாரிசின் அறையில்
காணிகளுக்கு உறுதி தட்டுகிறவள் நான்.
இங்கே ஓரெழுத்து தவறினால்
ஒரு தென்னை அடுத்த வளவுக்குப் போய்விடும்.

கம்பியில்லாக் கீபோர்ட், கம்பியில்லா மவுஸ்.
மேசை பார்வையாக இருக்கட்டுமென்று
மேடத்தின் மகன் கொழும்பிலிருந்து அனுப்பியது.
மாசியிலிருந்து இரண்டுக்கும் ஏதோ பிடித்துவிட்டது.
காணி கணியாகும்.
வாவி என்றால்
வாவீஈஈஈ என்று கரையுடைத்து
அடுத்த பந்திக்குள் ஓடும்.
அம்புக்குறி நடுத்திரையில் நின்று யோசிக்கும்,
பிறகு ஒரே பாய்ச்சல்.

பற்றரி மாற்றினேன். இரண்டு நாள் சுகம்.
இரும்பு மேசை ஆகாது என்றார் ஒருவர்,
முத்திரை ஒட்டாத படிவக் கட்டின்மேல்
மவுஸை ஓட்டினேன்.
வைஃபை பெட்டியை யன்னலுக்கு அனுப்பினேன்.
பழைய இணைப்புகளை அழி என்றார் இன்னொருவர்.

பட்டியலைத் திறந்தால்
எனக்கு முன் இதே கதிரையில் இருந்த சுபோதினியின் ஃபோன்
(அவள் இப்போது கட்டாரில்),
விற்றுப்போன பிரிண்டர்,
ஒரு காது மட்டும் கேட்ட ஹெட்செட்,
றொஷாந்தின் ஃபோன்.
ஒவ்வொன்றின் கீழும் 'இணைக்கப்படவில்லை.'
நீக்கவா, நீக்கவா என்று கேட்டுக் கேட்டு நீக்கியது.
றொஷாந்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
அதற்காக மவுஸ்
ஒன்றும் திருந்திவிடவில்லை.

இன்றைக்குப் பங்கு பிரிக்க வந்தவர்கள்
தவநேசனும் அருட்செல்வியும்.
ஆரையம்பதியில் இருபத்தேழு பேர்ச்,
கூடப்பிறந்தவர்கள்,
வாங்கின் இரு நுனியில் ஆளுக்கொருவர்.
அவர் என்னிடம் சொல்வார், நான் அவவிடம் சொல்வேன்.
திரையைப் பார்க்க அவ குனிந்தால்
அம்பு நிற்கும்.
அண்ணன் எட்டிப் பார்த்தாலும் நிற்கும்.
உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே,
தண்ணீருக்குள் இந்த அலைக்கு மூச்சு முட்டுமாம்.
"தள்ளி இருங்கோ" என்றேன்.
ஏற்கெனவே தள்ளி இருந்தவர்களிடம்.

லுகர் முடித்து வரட்டுமென்று காத்திருந்து
காத்தான்குடி நப்ரீஸுக்கு எடுத்தேன்.
"அக்கா, கம்பியூட்டருக்குப் பின்னால
என்னெல்லாம் செருகிக் கிடக்கு?"
கடுகளவு புளூடூத் துண்டு.
அதோடு உரசிக்கொண்டு ஹார்ட் டிஸ்க்.
"வாய் நீலமா?"
நீலம்தான்.
"அது கத்தும் அக்கா. நம்மட காதுக்குக் கேக்கா.
பக்கத்தில இரிக்கிறவன்
ஒண்டும் விளங்காம நிப்பான்."

வெள்ளத்தில் நனைந்த அலுமாரியைக் காயவைத்து
தாள்தாளாய்ப் படமெடுத்துச் சேர்த்த டிஸ்க் அது.
நன்கொடை, சீதனம், ஈடு, மீட்பு,
கைநாட்டுகள், காலமான சாட்சிகள்,
எல்லாருமாய் அங்கே கத்திக்கொண்டிருக்க
பக்கத்தில் என் ல்
எப்படிப் போய்ச் சேரும்?

லாச்சியில் ஒரு முழ நீட்டு வயர் கிடந்தது.
கம்பியில்லாததைக் காப்பாற்ற
ஒரு கம்பி.
துண்டை முன்பக்கம் இழுத்து வைத்தேன்,
டிஸ்க்கைப் பின்னுக்கே விட்டேன்.

எல்லை, என்று தட்டினேன்.
எல்லை.
வடக்கே அருட்செல்வியின் பங்கு,
தெற்கே தவநேசனின் பங்கு,
மேற்கே வாவி. கரைக்குள் நின்றது.

"இடையில ஒரு ஒழுங்கை விடுவமா"
என்றார் தவநேசன்.
இம்முறை என்னைப் பார்த்தல்ல.
அவ பையின் வாரை முறுக்கினா, அவிழ்த்தா.
"மூண்டடி காணும்."

மூன்று என்று தட்டிவிட்டு
விரலை எடுத்துப் பார்த்தேன்.
ன் இருந்தது.
று இருந்தது.