அசையாப் புள்ளி

வெண்ணாற்றின் தென்கரையில் முக்காலியை ஊன்றினேன்.
"என்ன ஷூட்டிங்மா, யாரு ஹீரோ?"
டீக்கடையிலிருந்து ஒரு குரல்.
பாலம் என்றேன். சிரித்தார்கள்.

மன்னார்குடி பஸ் ஏறியது, பின்னாலேயே
நெல்மூட்டை லாரி.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
நொடிக்கு இருநூறு படம் எடுக்கும் கேமராவுக்கு
மூன்றாம் தூணுக்கு மேலே
அரை மில்லிமீட்டர்:
ஒரு நெல்லின் பருமனில் கால்வாசி.

இரவு நீடாமங்கலம் லாட்ஜில்
அதை ஐம்பது மடங்கு பெருக்கினேன்.
உதறிய ஈரவேட்டிபோல் நெளிந்தது பாலம்.
கைப்பிடியில் சாய்ந்து பீடி குடித்தவரின்
சட்டைப்பையும் கூடவே துடித்தது.

கணக்குதான் ஒத்துவரவில்லை.
பஸ் போய், லாரி போய்,
ஒரு நாய்கூட இல்லாத நேரத்திலும்
ஆடிக்கொண்டே இருந்தது, ஒரே சீராக.

ஜோசப்ராஜ் மூன்றாம் முறை பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அக்கா, ஆடுறது பாலம் இல்ல. சுவரு."

அசையாது என்று நானே குறித்துவைத்த
எதிர்க்கரை மோட்டார் ரூம் சுவர்.
அதை நம்பித்தான் மற்றதையெல்லாம் அளந்தேன்.

விடிந்ததும் போனோம்.
சுவருக்கு அந்தப் பக்கம் பால்வாடி.
பாலத்தின் அறிக்கைக்கு இன்னும் நாளிருக்கிறது.
சுவரோரம் கிடந்த பதினொரு ஜோடிச் செருப்பைக் காட்டி
இதையெல்லாம் தள்ளி வையுங்கள் என்றேன்.

ஆயா கேட்டார்:
"செருப்பையா, புள்ளைங்களையா?"