மணிக்கு நூற்றைம்பது திர்ஹம்

ஃபுஜைரா நீதிமன்றத்தில்
குளிரூட்டி எப்போதும் பதினெட்டில் நிற்கும்.
நான் சத்தியம் செய்துகொடுத்தவன்:
கேட்டதைச் சொல்வேன்,
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.

திருட்டு டீசல் வழக்கு.
நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து இரவில் இறங்கி
லாரியேறி மலை தாண்டிப் போயிருக்கிறது, ஏழு மாதம்.
எத்தனை லட்சம் காலன் என்பதை
இரண்டு மொழியிலும் சொல்லிச் சொல்லி
என் நாக்கில் எண்ணெய் வாடை.

முதலில் ரெக்ஸ்லின். கணக்கு எழுதியவர்.
சிறை உடையிலும் காலர் மடிப்புக் கலையவில்லை.
பதினொரு பெயர் சொன்னார்,
ஒவ்வொன்றாக நிறுத்தி, எழுத்துக்கூட்டி,
கல்லாவில் சில்லறை எண்ணி வைப்பதுபோல.
பெயருக்கு ஆறு மாதம் கழிவு என்று
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
நான்தான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்.
ஏழு வருடத்தில் பதினெட்டு மாதம் மிச்சம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.
அந்த வாக்குமூலம் இல்லையென்றால்
கப்பல் முதலாளி இந்நேரம் படகுத்துறையில்
இறால் உரித்துக்கொண்டிருப்பான்.
நாலாவது பெயரில் அவன் அகப்பட்டான்.
பதினோராவது பெயர், பூவலிங்கம்.

லாரி ஓட்டியவன். விளாத்திகுளம் பக்கம்.
சம்பளம் ஆயிரத்து நானூறு,
இரவு நடைக்கு ஐம்பது தனி.
அவன்மேல் எழுதியிருந்தது ஒன்பது நடை.

(ரெக்ஸ்லினை அவர் என்கிறேன், இவனை அவன் என்கிறேன்.
அரபியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
தமிழுக்குத் திரும்பும்போதுதான்
எனக்குத் தராசு சாய்கிறது.)

"உனக்கு யாரையெல்லாம் தெரியும்?"
அரசு வழக்கறிஞர் மூன்று தரம் கேட்டார்.
மூன்று தரமும் தமிழாக்கினேன்.
மூன்றாவதில் கொஞ்சம் கெஞ்சல் சேர்ந்துவிட்டது.
அது கூட்டல்தான். சத்தியத்துக்கு விரோதம்தான்.

அவன் யோசித்தான்.
நெற்றி சுருங்க, உண்மையிலேயே யோசித்தான்.
"வால்வு தொறந்து விடுறவரு ஒருத்தரு, சார்.
பேரு தெரியாது. பாய்னு கூப்பிடுவோம்."

எழுத்தர் பேனாவைத் தொடவில்லை.
இந்தக் கரையில்
யார்தான் யாருக்குப் பாய் இல்லை?

கூடச் செய்தவனுக்குக் கூடத் தெரியும்.
கூடத் தெரிந்தவன் முதலில் வீடு போவான்.

தீர்ப்பன்று அவனுக்கு நாலு வருடம்.
அவருக்கு, நான் கழித்துப் பார்த்த அதே பதினெட்டு.
உட்காரச் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை.
"இது நியாயமாங்க?"
நீதிபதியைக் கேட்டானா, என்னைக் கேட்டானா,
இன்றைக்கும் தெரியாது.

அரபியில் இரண்டு சொல் இருக்கிறது.
அத்ல். வாசலில் பொன்னெழுத்தில் இருப்பது.
இன்ஸாஃப். அதன் வேரில்
பாதி என்ற சொல் கிடக்கிறது.
ரொட்டியைப் பிட்டுவிட்டு
இரண்டு துண்டையும் பார்க்கிற கை அது.
முதல் சொல்லைச் சொன்னால்
அவன் சட்டத்தைக் கேட்டவன் ஆவான்,
சட்டத்திடம் பதில் இருக்கிறது.
இரண்டாவதைச் சொன்னால்
பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டிக் கேட்டவன் ஆவான்.

நியாயம் என்பதை நான் முதன்முதலாய் எழுத்துக்கூட்டியது
ரேஷன் கடைப் பலகையில்: நியாய விலை.
மண்ணெண்ணெயை நுரையோடு அளந்து ஊற்றுவார்கள்.
எல்லோர் கேனிலும் அதே நுரை
என்பதால் யாரும் சண்டை பிடித்ததில்லை.

நீதிபதி காத்திருந்தார்.

நான் அத்ல் என்றேன்.
சின்னச் சொல். சட்டென்று வந்தது.

அவர் தலையசைத்தார். கோபமில்லை, கனிவாகவே
மேல்முறையீட்டுக்குக் கெடு தேதி சொன்னார்.
அதைப் பிசகாமல் தமிழாக்கினேன்.
அவன் "சரிங்க" என்றான்.
அதையும் அரபியாக்கினேன்.

கீழ்த்தளக் கண்ணாடிச் சன்னலில்
படிவம் நீட்டினார்கள்.
மூன்று மணி நேரம், நானூற்றைம்பது.

ஐம்பது வீதம்,
ஒன்பது நடை.